மீதி எவ்வளவு, ஸார்?

எங்கள் தெருவில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு வதந்தி உண்டு. நான் அதை மறுத்ததில்லை. அதனால் வந்த வினைதான் இது.

2008. தெருமுனையில் ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், காலேஜ் பிராஜெக்ட் ரிப்போர்ட், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று மனித வாழ்வின் எல்லாக் கட்டங்களுக்கும் அங்கே டிசைன் தயார். கடைக்காரத் தம்பி புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். விஸ்டா போட்டது. இரண்டு ஜி.பி. மெமரி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னக் கடையில் பாதி ரொக்கம், பாதி கடன். அந்தக் கடனும் பழகின முகம் என்பதால் மட்டுமே கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து ராத்திரி எட்டரைக்குக் காலிங் பெல்.

"ஸார், மெமரி தீர்ந்து போச்சு."

"தீர்ந்து போக அது என்ன சிலிண்டரா?"

"நீங்களே வந்து பாருங்க ஸார்."

போய்ப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருந்தார். மொத்தம் 2045. 'கேஷ்டு' என்று ஆயிரத்துச் சொச்சம். அதற்குக் கீழே 'ஃப்ரீ': 7. ஏழே ஏழு எம்.பி. மெஷினும் மெதுவாகத்தான் இருந்தது. கோரல் டிராவைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

"ரெண்டு ஜி.பி. போதாதுப்பா. இன்னொரு ரெண்டு போடு" என்றேன். பத்து செகண்டு யோசித்திருப்பேனா என்பது சந்தேகம்.

போட்டார். அதே கடை, அதே கடன் கணக்கு. மறுநாள் சாயங்காலம் மறுபடியும் பெல்.

"ஸார், ரெண்டு விஷயம். நாலு இருக்கணும், மூணேகால்தான் காட்டுது. அந்த மூணேகாலும் தீர்ந்து போச்சு. ஃப்ரீ பதினொண்ணு."

அப்போது நான் சொன்னதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. "கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான்" என்றேன்.

தம்பி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், கடையில் நாலு கஸ்டமர் இருக்கும்போது, உரக்கக் கேட்டுவிட்டார். கடைக்காரர் பதில் பேசவில்லையாம். மெமரிக் குச்சியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். "பாக்கியை ஒரு வாரத்துல கட்டிடு, அப்புறம் இந்தப் பக்கம் வராதே" என்றார். தம்பி கட்டினார். எப்படி என்று அவர் மனைவியின் வெறும் கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு வளையல் அடகுக்குப் போயிருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். தெருவே நம்பும் ஒரு ஆசாமி, ஆலோசனை சொல்வதற்கு முன் செய்திருக்க வேண்டிய காரியம்.

முதலில் காணாமல் போன முக்கால் ஜி.பி. அந்த விஸ்டா 32 பிட். 32 பிட்டில் எழுதக்கூடிய விலாசங்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம், அதாவது சரியாக நாலு ஜி.பி. இந்த விலாசங்கள் மெமரிக்கு மட்டும் இல்லை. கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு எல்லோருக்கும் இதிலிருந்துதான் கதவு இலக்கம் கொடுத்தாக வேண்டும். 400 கதவு இலக்கம்தான் உண்டு என்று ஒரு தெருவில் விதி. டிரான்ஸ்ஃபார்மர், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி மூன்றும் சேர்ந்து 75 இலக்கத்தை எடுத்துக்கொண்டால், 400 வீடு கட்டியிருந்தாலும் 75 வீட்டுக்கு விலாசம் கிடையாது. வீடு இருக்கிறது, தபால் போகாது. மெமரிக் குச்சியில் நாலு ஜி.பி. சத்தியமாக இருந்தது. இதில் வேடிக்கை, அதே 2008-ல் வந்த விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கைப் போட்டால் 'சிஸ்டம்' பக்கத்தில் நாலு என்று காட்டும், டாஸ்க் மேனேஜரில் மூன்றேகால் என்று காட்டும். ஒரே மெஷின், இரண்டு எண், இரண்டும் நிஜம். ஒன்று எவ்வளவு பொருத்தியிருக்கிறது என்பது. மற்றது எவ்வளவு பயன்படும் என்பது.

அடுத்தது அந்த 'ஃப்ரீ'. இதைத் தம்பிக்குச் சொல்லிப் புரிய வைக்க அவர் கடைக்கே போனேன்.

"உன் மேஜையில காலி இடம் எவ்வளவு இருக்கு?"

"எங்க ஸார், ஒரு விரக்கடை இல்ல. பூரா சாம்பிள் பத்திரிகை."

"ஒருத்தர் ஆல்பம் கொண்டுவந்து வெச்சா?"

"ஒதுக்கிட்டு வைக்கச் சொல்வேன்."

"சாம்பிளை எல்லாம் ஏன் பீரோவுல வைக்காம மேஜையில பரப்பியிருக்கே?"

"கேட்டா டக்குனு எடுக்கணுமே ஸார். பீரோவைத் திறந்து தேடிட்டிருந்தா பார்ட்டி அடுத்த கடைக்குப் போயிடும்."

அவ்வளவுதான் விஷயம். மேஜை மெமரி, பீரோ ஹார்ட் டிஸ்க். சுழலும் டிஸ்க்கிலிருந்து ஒரு துண்டு விவரத்தை எடுக்கச் சுமார் 10 மில்லி செகண்டு. மெமரியிலிருந்து எடுக்க சுமார் 100 நானோ செகண்டு. ஒன்றுக்கு ஒரு லட்சம். மெமரிக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் டிஸ்க்குக்கு 27 மணி 46 நிமிஷம். அதனால் விவரமான எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமும் மேஜையைக் காலியாக வைக்காது. ஒரு முறை படித்த ஃபைலை யாரும் கேட்காதவரை மேஜையிலேயே விட்டு வைக்கும். இதற்குப் பெயர்தான் கேஷ். (ரொக்கமில்லை. ஒளித்து வைத்தது என்று அர்த்தம் வரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.) விஸ்டா இன்னும் ஒரு படி மேலே போய், 'சூப்பர்ஃபெட்ச்' என்ற பெயரில், நீங்கள் வழக்கமாக எதைத் திறப்பீர்கள் என்று கவனித்து, கேட்பதற்கு முன்பே மேஜையில் எடுத்து வைத்தது. 2007-ல் அது வந்ததும் உலகம் முழுக்க ஃப்ரீ எண் பாதாளத்துக்குப் போய், 'விஸ்டா மெமரியைத் தின்கிறது' என்ற புகார் கிளம்பியது. விஸ்டா மேல் சொல்ல வேறு நியாயமான புகார்கள் நிறையவே உண்டு. இது அதில் சேராது.

ஆக, ஃப்ரீ என்பது 'கையில் மீதி' இல்லை. 'சும்மா கிடப்பது.' நாம் கேட்க வேண்டியது, இப்போது ஒரு புது ஆள் வந்து இடம் கேட்டால் யாரையும் நோகடிக்காமல் எவ்வளவு ஒதுக்கித் தர முடியும் என்பது. அந்த எண்ணை 2009-ல் வந்த விண்டோஸ் 7 'அவைலபிள்' என்று தனியாகக் காட்டியது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பட்டியலிலிருந்து ஃப்ரீ என்ற வார்த்தையையே தூக்கிவிட்டார்கள். என்னைப் போன்ற ஆசாமிகளின் கையில் அது அகப்படக் கூடாது என்றுதான் இருக்க வேண்டும்.

தம்பியின் மெஷின் மெதுவாக இருந்ததற்குக் காரணம்? ஃபாண்ட். வருகிற போகிற கஸ்டமர் பென் டிரைவில் கொண்டுவந்த தமிழ் எழுத்துருக்களையெல்லாம் இன்ஸ்டால் செய்து, ஆயிரத்து நானூறுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். கோரல் டிரா எழுந்திருக்கும்போது அத்தனை பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்தது. தேவையானதை மட்டும் விட்டு மற்றதை எடுத்ததும் சரியாகிவிட்டது. செலவு, ஒரு மாலை நேரம்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். கடைக்காரரிடம், தப்பு தம்பி மேல் இல்லை, என் மேல் என்றேன். கதவு இலக்கக் கதையைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"தினம் பத்து பேர் வந்து மூணேகால்தான் காட்டுதுன்னு சண்டை போடறாங்க ஸார். எனக்கே காரணம் இன்னிக்குத்தான் தெரியுது. இதை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க."

எழுதினேன். தம்பி டிசைன் செய்தார். 'நாலு ஜி.பி. போட்டால் மூன்றேகால் காட்டும், குறைவது அளவல்ல, விலாசம்' என்று கல்யாணப் பத்திரிகை எழுத்தில், ஓரத்தில் பூச்சரம் வைத்து, லேமினேட் செய்து கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். கடன் கணக்கு மறுபடி ஆரம்பித்தது. வளையல் தை மாதம் திரும்பி வந்தது.

இந்த விவகாரத்துக்குப் பிறகு, கம்ப்யூட்டர் காட்டும் மெமரி எண்களை எல்லாம் ஒருவிதச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க சுவாரஸ்யம். எக்ஸ்.பி. டாஸ்க் மேனேஜரில் 'பி.எஃப். யூசேஜ்' என்று ஒரு பச்சைக் கம்பம் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? பேஜ் ஃபைல் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்றுதான் யாரும் படிப்பார்கள். உண்மையில் அது பேஜ் ஃபைல் செலவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்களுக்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் வாக்குறுதிகளின் மொத்தம். இதே கம்பத்துக்கு விண்டோஸ் 2000-ல் 'மெம் யூசேஜ்' என்று பெயர். அதுவும் தப்பு. இரண்டு முறை பெயர் வைத்து இரண்டு முறையும் தப்பு.

அதே எக்ஸ்.பி.யில் ஒரு வித்தை உண்டு. வேர்டில் பெரிய டாக்குமெண்ட் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஜன்னலை மினிமைஸ் செய்தால், டாஸ்க் மேனேஜரில் அதன் மெமரி மளமளவென்று இறங்கும். ஒன்றும் மிச்சமாகவில்லை. இந்த ஆள் ஓரமாகப் போய்விட்டார், இவர் சாமானை அவசரப்பட்டால் வெளியே வைக்கலாம் என்று குறித்துக்கொள்வதுதான். அந்தக் காலத்தில் மெமரி சுத்தம் செய்கிறேன் என்று விற்ற சாஃப்ட்வேர்களில் பல இந்த வித்தையைத்தான் எல்லா ப்ரோகிராம்களுக்கும் ஒரே அடியாகச் செய்தன. சாம்பிளை எல்லாம் பீரோவில் திணித்துவிட்டு, பார், மேஜை பளபளவென்று இருக்கிறது என்று காட்டுவது. எண் அழகாக இருக்கும். அடுத்த கிளிக்குக்கு மெஷின் முனகும்.

சரி, ஒரு ப்ரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கிறது? இந்தச் சாதாரணக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்று தெரிந்துகொண்டதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நாலு அண்ணன் தம்பிகள், நாலு வீடு, நடுவில் ஒரு பொதுக் கிணறு. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் 'உங்களுக்குக் கிணறு உண்டா?' என்று கேட்டால் நாலு பேரும் 'உண்டு' என்பார்கள். நாலு பேரும் சத்தியவான்கள். கூட்டினால் நாலு கிணறு. ப்ரோகிராம்கள் பல, ஒரே நூலகத் தொகுப்பை மெமரியில் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றின் கணக்கிலும் அந்தப் பங்கு முழுசாக ஏறும். எல்லாவற்றையும் கூட்டி, மெஷினில் இருப்பதைவிட அதிகமாக வருகிறதே என்று முடியைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். லினக்ஸில் 2008-ல் இதற்கு ஒரு நியாயமான வழி செய்தார்கள். கிணற்றை நாலாக வகுத்து ஆளுக்குக் கால் கிணறு எழுதுவது. கூட்டினால் சரியாக வரும். ஆனால் ஒரு தம்பி வீட்டைக் காலி செய்தால் கால் கிணறு நமக்குத் திரும்பி வருமா? வராது. மூடினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதற்கு அவன் தனிச் சொத்தை மட்டும் பார்க்க வேண்டும். விஸ்டா முதல் டாஸ்க் மேனேஜர் காட்டுவது பெரும்பாலும் இந்தத் தனிச் சொத்துக் கணக்குதான். கேள்வி எதுவோ அதற்கேற்ற எண்.

இத்தனை குழப்பத்துக்கும் மூலம் 1962-ல் இருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் அட்லஸ் என்று ஒரு கம்ப்யூட்டர் கட்டினார்கள். அதில் வேகமான மெமரி 16 ஆயிரத்துச் சொச்சம் சொற்கள், சுழலும் காந்த உருளையில் 98 ஆயிரத்துச் சொச்சம். ப்ரோகிராம் எழுதுகிறவரிடம் இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய மெமரி என்று சொல்லிவிட்டார்கள். எது எப்போது எங்கே இருக்கிறது என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் இரண்டு கணக்கு: வாக்களிக்கப்பட்ட இடம், உண்மையில் உட்கார்ந்திருக்கும் இடம்.

வாக்களிப்பதில் விண்டோஸ் கொஞ்சம் கறார். மெமரியும் பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகைக்கு மேல் வாக்குக் கொடுக்காது. லினக்ஸ் நம் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி. பந்தியில் இருநூறு பேர்தான் உட்கார முடியும், பத்திரிகை ஆயிரம் அடிப்பார். எல்லோரும் ஒரே பந்திக்கு வர மாட்டார்கள் என்ற அனுபவ ஞானம். தொண்ணூற்றொன்பது கல்யாணத்தில் பலிக்கும். நூறாவதில் எல்லோரும் எட்டு மணிக்கே வந்து நிற்பார்கள். அப்போது லினக்ஸ் ஓர் ஆளை அனுப்பும். அவர் பந்தியில் பெரிய இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒருவரை, இலையில் சாதம் இருக்கும்போதே, கையைப் பிடித்து எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார். 'ஓ.ஓ.எம். கில்லர்' என்று பெயர். நிஜமாகவே கில்லர்.

இந்தக் கில்லர்தான் போன வருஷம் என்னைத் தேடி வந்தார்.

டி.டி.பி. தம்பியின் பெண் 2008-ல் நாலாம் கிளாஸ். அப்பா கடையில் உட்கார்ந்து ஹோம் ஒர்க் செய்யும். இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு ராத்திரி போன்.

"அங்கிள், எங்க சர்வர்ல பதினாறு ஜி.பி. இருக்கு. ஃப்ரீ 312 எம்.பி.தான் காட்டுது. தினம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ரிப்போர்ட் ப்ரோகிராம் செத்துப் போகுது. மெமரி பத்தலை, பெரிய சர்வரா எடுங்கன்னு மேனேஜர் சொல்றார்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பதினாறு வருஷத்துக்கு மேல் காத்திருந்த பரீட்சை.

"ஃப்ரீயைப் பார்க்காதேம்மா. அதே வரிசையில கடைசியில 'அவைலபிள்'னு ஒண்ணு இருக்கும். அது எவ்வளவு?"

"பதினொரு ஜி.பி."

லினக்ஸில் அந்த எண் 2014-ல் வந்தது. அதற்கு முன் ஃப்ரீயையும் கேஷையும் நாமே கூட்டிக்கொள்வோம். அந்தக் கூட்டலும் தப்பு, ஏனென்றால் கேஷ் கணக்கில் ஒதுக்கவே முடியாத சில சாமான்களும் சேர்ந்திருக்கும். இதையெல்லாம் அவளுக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டு, தீர்ப்பையும் சொன்னேன்: "பதினொண்ணு இருக்கும்போது மெமரி இல்லாம சாகவே சாகாது. ப்ரோகிராம்லதான் ஓட்டை. எழுதினவனைப் பிடி."

எழுதினவன் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமான ஒரு பையனாம்.

நல்லவேளை, அந்தப் பெண் அப்பா மாதிரி உடனே சண்டைக்குப் போகிற ஜாதி இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி போன்.

"அங்கிள், 137-னு ஒரு எண் போட்டுட்டுச் செத்துப்போகுது. அப்படின்னா வெளியிலேர்ந்து யாரோ கொன்னிருக்காங்கன்னு அர்த்தம். லாக்ல பார்த்தேன். மெமரியாலதான்."

"பதினொரு ஜி.பி. இருக்கேம்மா."

"அது மொத்த மெஷினோடது அங்கிள். எங்க ப்ரோகிராம் ஓடறது கன்டெய்னருக்குள்ள. அதுக்கு ரெண்டு ஜி.பி.தான் லிமிட்னு யாரோ எப்பவோ எழுதி வெச்சிருக்காங்க. உள்ளேர்ந்து கேட்டாலும் 'ஃப்ரீ' கமாண்டு வெளி மெஷின் கணக்கைத்தான் சொல்லுது."

சென்னையில் ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழே சம்ப்பில் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வாட்ச்மேன் சொல்கிறார். பொய் இல்லை. மாடியில் நம் வீட்டுக்கு என்று வைத்திருக்கும் இருநூறு லிட்டர் டேங்க் காலி. குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. வாட்ச்மேனையும் குறை சொல்ல முடியாது, நாம் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார்.

மாதக் கடைசி என்பதால் அந்த ரிப்போர்ட் ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் இரண்டரை ஜி.பி. கேட்டிருக்கிறது. மற்ற நேரத்தில் அரை ஜி.பி. போதும். பகலில் யார் எப்போது பார்த்தாலும் எல்லாம் சுபிட்சமாகத் தெரிந்திருக்கும். அவள் ஒரு வரியில் லிமிட்டை நாலாக்கினாள். புது சர்வர் வாங்கவில்லை.

"அந்தப் பையன்?" என்று கேட்டேன், கொஞ்சம் மெதுவாக.

"அவன்கிட்ட எதுவும் சொல்லலை அங்கிள். முதல்ல பார்த்துடலாம்னு வெச்சிருந்தேன்."

இப்போதெல்லாம் இந்த வம்பே வேண்டாம் என்று எண்ணைக் கேட்பதற்குப் பதில் வலியைக் கேட்கும் வழக்கம் வந்திருக்கிறது. ஆப்பிளின் மேக்கில் 2013 முதல் 'மெமரி பிரஷர்' என்று ஒரு வரைபடம். பச்சை, மஞ்சள், சிவப்பு, அவ்வளவுதான். லினக்ஸில் 2018 கடைசியில் ஃபேஸ்புக் பொறியாளர்கள் சேர்த்த ஒரு கணக்கு, மெமரிக்காக ப்ரோகிராம்கள் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தன என்பதை சதவீதமாகச் சொல்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதை விட்டுவிட்டு எவ்வளவு நேரம் வீணாகிறது என்று கேட்பது. கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகவும் பார்க்கலாம். அவளுக்கு இதைச் சொன்னேன். ஏற்கெனவே தெரியுமாம்.

போனை வைப்பதற்கு முன், "அப்பா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார்" என்றாள்.

"என்னம்மா?"

"அந்தப் பழைய ரெண்டு ஜி.பி. குச்சி இன்னும் கடை டிராயர்லயே கிடக்காம். யாருக்காவது உபயோகப்படுமான்னு உங்களைக் கேக்கச் சொன்னார்."

விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.